பிறப்பும் உரிமையும்

சென்ற மாரியில் ஒரு ஞாயிறு பின்னேரம், ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். குசினி மேசையின் ஒரு கரையில் தேநீரும் வடையும். மற்றக் கரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு நண்பரின் மகள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் வருடம். அடுத்த கிழமை அவளுக்குச் சோதனை.

நண்பர் எம்மைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மூத்த மகனுக்குச் சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. பெண் பாரிசில் இருக்கிறாள். படித்த பிள்ளை, நல்ல உத்தியோகம், இருவரும் தொலைபேசியில் கதைத்து விருப்பமும் தெரிவித்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனுடைய ஊர் எமது ஊருக்குப் பக்கத்து ஊர்.

"அண்ணை, உங்களுக்கு அந்தப் பக்கத்து ஆக்களைத் தெரியும்தானே. ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார் நண்பர். எதை விசாரிப்பது என்று அவர் சொல்லவில்லை. எம்மவருக்குள் அதைச் சொல்லத் தேவையில்லை.

மகள் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, இந்தக் கணக்குச் சரிவாறதுக்கு முதல் நிபந்தனையே ஆரும் ஆரையும் கலியாணம் செய்யலாம் எண்டதுதான். எங்கட ஆக்களுக்கு இந்தச் சமன்பாடு வேலை செய்யாது."

நண்பர் சிரித்தார். நாமும் சிரித்தோம். பிறகு மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த அமைதியைப் போக்குவதற்காக நண்பர், "அது என்ன பாடம் பிள்ளை?" என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஓ, பிறப்புரிமையியல்" என்றார் அவர். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குத் தாவரவியலும் விலங்கியலும் படித்தவர். எம்மவர் பலருக்கும் போல அவருக்கும் உயிரியல் என்பது மருத்துவபீடத்துக்குப் போகிற வாசல், வேறொன்றுமில்லை. தரப்படுத்தல், பிறகு 1983, பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ், பிறகு விமானம் என்று அந்த வாசல் அவருக்கு மூடுண்டு போயிற்று. மெண்டலின் பட்டாணிச் செடியும் இந்தச் சொல்லும்தான் அவரிடம் எஞ்சியிருந்தன.

மகள் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்டாள். பிரித்துப் பார்த்தாள். "பிறப்பு, உரிமை. பேர்த்ரைற்றா அப்பா?"

இந்தியத் தமிழில் மரபியல் என்பதை எமது பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்றன. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சொத்து வந்து சேர்வது போல, உடலின் இயல்புகளும் வந்து சேர்கின்றன என்ற பொருளில் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் உரிமை என்ற சொல்லை நாம் வேறொரு பொருளில் அறிவோம். அதற்காக ஊர்வலம் போனோம், அதற்காக ஊரை இழந்தோம். ஒரே சொல்லுக்குள் இரண்டு விடயங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிறப்பில் எமக்கு வந்து சேர்வது ஒன்று. பிறந்த காரணத்தினாலேயே எமக்கு உண்டாகும் உரிமை மற்றொன்று. முன்னதற்கும் பின்னதற்கும் என்ன தொடர்பு? மேல்வருட உயிரியல் பாடம் ஒன்று இந்தக் கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லும், எந்த இடத்தில் பேசாமல் நின்றுவிடும் என்பதையே இங்கு யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

*

முதலாம் வருட உயிரியல் பெரும்பாலும் பெயர்களின் பாடம். கலத்தின் பகுதிகள், இதயத்தின் அறைகள், வகுப்புகள், வருணங்கள் என்று மனனம் செய்யலாம். மூன்றாம், நான்காம் வருடங்களில் நிலைமை மாறுகிறது. "இது இப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்த விரிவுரையாளர், "இது இப்படி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்குகிறார். பாடநூலை விட்டு ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவராகும் எண்ணத்தில் வந்த எமது பிள்ளைகள் பலர் தடுமாறுவதும், சிலர் உயிரியலை உண்மையாகவே விரும்பத் தொடங்குவதும் இங்கேதான்.

நண்பரின் மகள் படிக்கும் குடித்தொகைப் பிறப்புரிமையியல் அப்படியான ஒரு பாடம். தனி ஒருவரை அது பார்ப்பதில்லை. ஒரு கூட்டம் முழுவதிலும் ஒரு பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள் எந்த அளவில் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக அந்த அளவு ஏன் மாறுகிறது என்று பார்க்கிறது. அதன் அடிப்படைச் சமன்பாட்டை 1908 இல் இருவர் தனித்தனியே கண்டார்கள். ஒருவர் ஸ்ருட்காட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பேர்க். மற்றவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி. ஆறு வருடங்களின் பின் சென்னையிலிருந்து இராமானுஜனை அழைப்பித்தாரே, அதே ஹார்டி.

அவர்கள் சொன்னது எளிமையானது. கூட்டம் பெரிதாக இருந்து, கலியாணம் தெரிவின்றி நடந்து, இடப்பெயர்வும் இயற்கைத் தேர்வும் புதிய மாற்றமும் குறுக்கிடாவிட்டால், அந்த அளவுகள் தலைமுறைகள் தோறும் மாறாமல் நிற்கும். மாறியிருந்தால் இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்று முறிந்திருக்கிறது என்று பொருள். எந்த நிபந்தனை முறிந்தது என்று தேடுவதே மிகுதிப் பாடம்.

இதற்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளிப்படுகிற ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பரம்பரையலகின் மீடிறன் நூற்றில் ஒன்று. நோயில்லாமல் அதைக் காவித் திரிபவர்கள் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். நோயாளி ஒருவருக்குக் கிட்டத்தட்ட 200 காவிகள். அவர்களுக்கே அது தெரியாது. மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்தவர்களின் பிள்ளைக்கு அதே நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. இந்தத் தகவல் எமக்குத் தேவை. எமது குடும்பங்களில் அப்படியான கலியாணங்கள் உண்டு. நாம் உயிரியலுக்கு எதிராக வழக்காட வரவில்லை. நாம் எடுக்கும் முடிவு ஒன்றின் விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்ல அதற்கு முழுத் தகுதியும் உண்டு.

*

ஆனால் அந்தத் தகுதியை அது மீறிய காலமும் உண்டு. அந்தக் காலம் நாம் தஞ்சம் புகுந்த நாடுகளின் காலம்தான்.

1883 இல் பிரான்சிஸ் கோல்ற்றன் இங்கிலாந்தில் ஒரு சொல்லை ஆக்கினார்: யூஜெனிக்ஸ். நல்ல பிறப்புக்களைப் பெருக்கி, கெட்ட பிறப்புக்களைக் குறைக்கும் "விஞ்ஞானம்". 1920களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அது பாடமாக இருந்தது. பிற்போக்கான மூலை ஒன்றிலிருந்து அது வரவில்லை. அன்றைய முன்னணி உயிரியலாளர் பலர் அதன் பக்கம் நின்றார்கள். சுவீடன் 1922 இல் உப்சாலாவில் இன உயிரியலுக்கென்று அரச நிறுவனம் ஒன்றையே அமைத்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1928. சுவிற்சர்லாந்தின் வோ மாநிலத்தில் அதே வருடம். டென்மார்க்கில் 1929. ஜேர்மனியில் 1933. நோர்வேயிலும் சுவீடனிலும் 1934. "தகுதியற்றவர்" என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் சட்டங்கள். அல்பேர்ட்டாவில் 1972 வரை ஏறத்தாழ 2,800 பேர். சுவீடனில் 1975 வரை ஏறத்தாழ 63,000 பேர். அதில் எத்தனையோ பேரின் சம்மதம் பெயரளவிலானது. ஜேர்மனியில் நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 400,000 பேர். ஒஸ்லோவிலும் ஸ்ரொக்ஹோமிலும் பேர்லினிலும் எமது பிள்ளைகள் இன்று போய்வரும் பல்கலைக்கழகங்களின் பழைய விரிவுரை மண்டபங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

அகதிகளாகிய நாம் அறிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1925 இல் லண்டனில் யூஜெனிக்ஸுக்கென்று ஆய்விதழ் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் தொகுதியிலேயே கார்ல் பியர்சனும் மார்கிரட் மூலும் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஓடிவந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளை அளந்து, எண்ணி, அட்டவணைப்படுத்தி, இந்தப் பிள்ளைகள் சராசரியில் தாழ்ந்தவர்கள், இப்படியானவர்களை நாட்டுக்குள் விடுவது நல்லதல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் அளந்த அதே வயதில்தான் எமது பிள்ளைகளும் இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள்.

பியர்சன் உருவாக்கிய கைவர்க்கச் சோதனையை நண்பரின் மகள் அன்று மேசையில் வைத்துச் செய்துகொண்டிருந்தாள். அது இல்லாமல் அவளால் ஹார்டியின் சமன்பாட்டைச் சரிபார்க்க முடியாது. அந்தப் பாடத்தின் பெரும் தூண்களில் ஒருவரான ரொனால்ட் பிஷர் 1930 இல் எழுதிய நூலின் கடைசி அத்தியாயங்களும் இதே யூஜெனிக்ஸைத்தான் பேசுகின்றன. லண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரி 2020 இல் தனது கட்டிடங்களிலிருந்து கோல்ற்றன், பியர்சன் பெயர்களை எடுத்தது. மறுவருடம் மன்னிப்பும் கேட்டது. பெயரை எடுக்கலாம். கருவியை எடுக்க முடியாது. எடுக்கவும் வேண்டியதில்லை.

*

இந்த இடத்தில் எம்மவர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அது போலி விஞ்ஞானம். உண்மையான விஞ்ஞானம் வந்து அதைத் தோற்கடித்துவிட்டது."

இதில் பாதி உண்மை. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நோயாளி ஒருவருக்கு 200 காவிகள் என்றால், நோயாளிகள் எல்லோரையும் மலடாக்கினாலும் அந்தப் பரம்பரையலகு கூட்டத்தை விட்டுப் போகாது. அதன் மீடிறன் நூற்றில் ஒன்றிலிருந்து பாதியாகக் குறைவதற்கே 100 தலைமுறைகள், அதாவது 2,500 வருடங்கள் அளவில் வேண்டும். மூன்றாம் வருட மாணவி அரைப் பக்கத்தில் செய்யக்கூடிய கணக்கு இது. சட்டங்கள் வருவதற்கு முன்பே இது தெரிந்திருந்தது. தெரிந்தும் சட்டங்கள் வந்தன.

ஆனால் எமது கேள்வி வேறு. அந்தக் கணக்கு மறுபுறமாக வந்திருந்தால்? இரண்டே தலைமுறையில் நோய் ஒழிந்துவிடும் என்று அந்த அரைப் பக்கம் காட்டியிருந்தால், அல்பேர்ட்டாவின் அந்த 2,800 பேரையும் கத்திக்குக் கொடுத்தது சரியாகியிருக்குமா?

ஆகியிருக்காது என்று எமக்கு உடனே தெரிகிறது. அப்படியென்றால் கணக்குப் பிழைத்ததனால் அல்ல அது அநியாயமானது. கணக்குச் சரியாக இருந்திருந்தாலும் அது அநியாயம்தான். இருக்கிறது என்பதிலிருந்து இருக்கவேண்டும் என்பதற்கு நேரே தாவ முடியாது என்று ஸ்கொட்லாந்தின் டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். நூல்களில் வாசிக்கும்போது வெறும் தர்க்க விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் கருத்து, ஒருவரின் உடலைப் பற்றிய முடிவு என்று வரும்போது உயிர் பெற்றுவிடுகிறது.

இதே தவறை நல்ல நோக்கத்தோடும் செய்யலாம். நாமும் செய்திருக்கிறோம். றிச்சர்ட் லெவொன்ரின் 1972 இல் 17 பரம்பரையலகுகளை ஆராய்ந்தார். மனிதருக்குள் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, "இனங்கள்" எனப்படுபவற்றுக்கு இடையில் இருப்பது 6 வீதம் அளவுதான் என்று காட்டினார். எத்தனை கூட்டங்களில், எத்தனை துண்டுப் பிரசுரங்களில் நாம் இந்த எண்ணைச் சொல்லியிருப்போம்! இனவாதிக்கு எதிரான கடைசி வார்த்தை அது என்று நினைத்தோம்.

2003 இல் எட்வேர்ட்ஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பிஷரின் மாணவர் அவர். லெவொன்ரினின் எண் சரி. ஆனால் பரம்பரையலகுகளைத் தனித்தனியே பார்க்காமல் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், ஒருவரின் மூதாதையர் உலகின் எப்பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று நன்றாகவே கணிக்கலாம் என்றார். அதுவும் சரி. இன்று எச்சிலை ஒரு சிறு குழாயில் துப்பி அனுப்பினால் பதில் வருவது இந்த வழியில்தான். ஆனால் எட்வேர்ட்ஸ் அக்கட்டுரையிலேயே ஓர் எச்சரிக்கையையும் வைத்தார். மனிதரின் சமத்துவத்தை உயிரியல் ஒற்றுமையின் மேல் கட்டாதீர்கள். நாளை ஒரு வேற்றுமை வெளிப்பட்டால் அதையே சமத்துவமின்மைக்கு நியாயமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். இந்த ஒரு கட்டுரைக்காகவாவது அந்தப் பாடத்தைப் படிக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது.

*

சாதியின் விடயத்தில் இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்று பார்ப்போம். "சாதிக்கு உயிரியலில் ஆதாரமே இல்லை" என்று முற்போக்காளராகிய நாம் சொல்லி வந்திருக்கிறோம். மேல்வருட மாணவி ஒருத்தி இதைக் கேட்டால் சற்றுத் தயங்குவாள். ஏனென்றால் அவளது வாசிப்புப் பட்டியலில் இந்தியாவைப் பற்றிய ஆய்வுகளும் இருக்கும்.

ஐதராபாத்தின் ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள் ஏறத்தாழ 4,200 வருடங்களுக்கும் 1,900 வருடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாகக் கலந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கலப்புத்தான். பிறகு அந்தக் கலப்பு நின்று போயிற்று. உயர்சாதிக் குழுக்கள் பலவற்றில் அது நின்று ஏறத்தாழ 70 தலைமுறைகள் ஆகின்றன என்று 2016 இல் இந்திய ஆய்வாளர்கள் கணித்தார்கள். தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து, சிறு சிறு குழுக்களாக அடைபட்டுப் போனதன் அடையாளம் உடலில் பதிந்திருக்கிறது. ஆந்திரப் பகுதியின் வைசியர் மத்தியில் ஒரு நொதியக் குறைபாடு மற்றவர்களைவிட மிக அதிகம். சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து ஒன்று அவர்களின் உடலில் நேரத்துக்கு முறிவதில்லை. மூச்சு நெடுநேரம் திரும்பாது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் இதை அறிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆகவே சாதியின் தடயமே உடலில் இல்லை என்று சொன்னால் பிழை. ஆனால் எது காரணம், எது விளைவு என்று பார்க்க வேண்டும். பரம்பரையலகு சாதியை உண்டாக்கவில்லை. சாதியின் கட்டளைதான் பரம்பரையலகின் மேல் தழும்பை உண்டாக்கியது. அந்தத் தழும்பும் "தூய்மை" என்று கொண்டாடப்பட்ட இடத்தில் நோயாகவே வெளிப்பட்டிருக்கிறது.

இங்கேயும் நாம் நின்று யோசிக்க வேண்டும். அகமணம் நோயைத் தருகிறது, ஆகவே சாதி பார்க்காதீர்கள் என்று பிரசாரம் செய்யலாம். சிலர் கேட்கவும் கூடும். ஆனால் நோய் தராத அகமணம் ஒன்று இருந்தால்? கலியாணத்துக்கு முன் இரத்தத்தைப் பரிசோதித்து, ஆபத்தில்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பிறகு சாதி பார்த்தால் அது சரியா? சாதியின் குற்றம் நொதியத்தில் இல்லை. தேநீரைச் சிரட்டையில் கொடுத்ததில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருத்தியதில் இருக்கிறது. கோயில் வாசலில் மறித்ததில் இருக்கிறது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்றவர்கள் எந்த ஆய்வுகூடத்தின் அறிக்கையையும் கையில் வைத்திருக்கவில்லை. 85 வீதம் என்ற எண் வெளிவருவதற்கு அப்போது இன்னும் நாலு வருடங்கள் இருந்தன. உள்ளே போவதற்கு அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். படிப்புக் குறைவு என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. பிஷரைப் பற்றியும் சொல்ல முடியாது.

*

எமக்கு மிகவும் வலிக்கும் இன்னொரு இடத்தையும் தொட்டாக வேண்டும். சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையில் எல்லைகளைத் தாண்டி நெருக்கமான கலப்பு நடந்திருக்கிறது என்று 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று மீண்டும் காட்டியது. இதைச் சொன்னபோது நண்பரின் முகம் மாறியது. "அப்ப, நாங்கள் வேற இனம் இல்லையெண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

1983 யூலையில் கொழும்பிலே வாளியைக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்ட கதையை அறியாதவர் எம்மில் யார்? பதில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்பதில் ஓர் உயிர் தங்கியிருந்தது. ஏன் அப்படிக் கேட்க வேண்டியிருந்தது? முகத்தைப் பார்த்து அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உடல் காட்டிக் கொடுக்கவில்லை. நாக்குத்தான் காட்டிக் கொடுத்தது. எரித்தவர்களுக்கும் எரிந்தவர்களுக்கும் பரம்பரையலகில் நெருக்கம் என்பதால் எரித்தது குறையப்போவதில்லை. நெருக்கம் என்பதால் நாம் கேட்ட உரிமை சிறுக்கப்போவதுமில்லை. எமது இரத்தம் வேறு என்ற காரணத்தினால் அல்ல நாம் உரிமை கேட்டது. எமது மொழியில் படிக்க, எமது நிலத்தில் அச்சமின்றி வாழ, நாமே எம்மை ஆள வேண்டும் என்றுதான் கேட்டோம். அந்தக் கோரிக்கைக்கு ஆய்வுகூடத்தின் முத்திரை தேவை என்று நாமே நினைத்தால், முத்திரை மாறும் நாளில் கோரிக்கையும் செத்துவிடும்.

அப்படியானால் சமத்துவம் எதன் மேல் நிற்கிறது? சுருக்கமாகவே சொல்ல முயல்கிறோம். எந்த வீட்டில் பிறப்பது என்று ஒருவரும் தெரிவு செய்து பிறக்கவில்லை. அவமானப்படுத்தினால் எல்லோருக்கும் நோகிறது. எமக்குச் செய்யப்பட்டதை அநியாயம் என்று சொல்லும் வாய், அதையே நாம் இன்னொருவருக்குச் செய்யும்போதும் அநியாயம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அகதி விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது நாம் இந்தத் தரத்தை நம்பித்தான் ஒரு அந்நிய நாட்டின் வாசலில் நின்றோம். எமது பிறப்பு என்ன தகுதியுடையது என்று பியர்சன் கேட்டது போலக் கேட்காதீர்கள், எமக்கு நேர்ந்தது என்ன என்று கேளுங்கள் என்பதே எமது விண்ணப்பம். உயிரியல் பாடம் எம்மைச் சுற்றியிருக்கும் பொய்களைக் களைந்து தரும். அது சிறிய உதவியல்ல. பொய் களையப்பட்ட பிறகு எப்படி நடப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

*

மிகுதியையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன் இப்படியே ஒருவர் கேட்டு, நாம் தொலைபேசியை எடுத்தோம். இரண்டு அழைப்புகள். பதில் கிடைத்தது. கேட்டவரிடம் ஒரேயொரு வசனம் சொன்னோம்: "அவை வேற ஆக்கள்." அந்தக் கலியாணம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணை இப்போதும் புத்தக வெளியீடுகளில் காண்கிறோம். எம்மைக் கண்டால் மரியாதையாகச் சிரிக்கிறாள். அந்த வசனத்தைச் சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியாது.

அந்த நாளில் எமக்கு லெவொன்ரினின் எண் தெரியும். ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆகவே அறியாமையால் செய்தோம் என்று ஒதுங்கிக்கொள்ள எமக்கு வழியில்லை.

அன்று பின்னேரம் நண்பரிடம், விசாரிக்க மாட்டோம் என்று சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "சரி அண்ணை, உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்" என்றார். நாம் சப்பாத்துப் போடும்போது முன்னறையில் அவர் வேறு யாருடனோ கதைக்கத் தொடங்கியிருந்தார். ஊரின் பெயர் கேட்டது, பிறகு குறிச்சியின் பெயர் கேட்டது. மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு எம்மைப் பார்த்தாள்.

"போட்டு வாறம் பிள்ளை. சோதனையை வடிவாச் செய்" என்றோம். வேறொன்றும் சொல்ல எமக்கு அப்போது வாய் வரவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.